நெட்வொர்க் ஸ்விட்ச்: தனித்தனியாகவா, ஸ்டாக்காகவா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வளர்கிற மாதிரியே அதன் நெட்வொர்க்கும் வளர்கிறது. முதலில் ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று. அப்புறம் கட்டிங் பக்கம் கேமரா வரும், செக்கிங் டேபிளில் பார்கோடு பிரிண்டர் வரும், கேட்டில் கைரேகை மிஷின் வரும். ஒவ்வொன்றுக்கும் கைக்குக் கிடைத்த இடத்தில் இன்னொரு எட்டு போர்ட் தொங்கும். மொத்தமும் ஒருநாள் நின்று போகும்போது எந்த டேபிளுக்கு அடியில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி கேட்பார்: "ஏனுங்க, பெரிய ஸ்விட்ச்சா நாலு வாங்கி ஸ்டாக் பண்ணிட்டா சரியாப் போயிருமுங்களா?"

பல ஸ்விட்ச்சைக் கேபிளால் கோத்து ஒரே ஸ்விட்ச்சாக நடத்துவதுதான் ஸ்டாக். போர்ட் எத்தனை வேண்டும் என்பதை வைத்து அவர் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்விட்ச்சுகள் எங்கெங்கே நிற்கப் போகின்றன என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஸ்விட்ச் ஒரே ராக்கில் நிற்கும் என்றால் ஸ்டாக் பலன் தரும். கட்டிங் ஒரு ஷெட், ஸ்டிச்சிங் இன்னொரு ஷெட், குடோன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் ஸ்விட்ச்சுகள் தனித்தனியாக இருப்பதே நல்லது, நடுவில் ஃபைபர் போட்டுக்கொள்ளலாம். பெருந்துறை சிப்காட் பக்கம் உள்ள பெரிய வளாகங்களில் இரண்டும் கலந்திருக்கும்: மெயின் ராக்கில் ஸ்டாக், மற்ற கட்டடங்களில் தனி ஸ்விட்ச்.

ஸ்விட்ச் உள்ளே என்ன செய்கிறது

நெட்வொர்க்கில் மாட்டும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளத்தில் மேக் முகவரி ஒன்று உண்டு. எந்த மேக் எந்த போர்ட்டிலிருந்து பேசியது என்று ஸ்விட்ச் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அந்த மேக்குக்குத் தகவல் வந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். பட்டியலில் இல்லாத மேக் என்றால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும். ஒரு மேக் பேசாமல் இருந்தால் வழக்கமாக 300 விநாடியில் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

இந்தக் கேபிள்களில் ஓடும் ஈதர்நெட் தகவலுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது, எத்தனை சுற்று சுற்றினாலும் தானாக அழியாது. ஒரு கேபிளின் இரண்டு முனையையும் யாராவது ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், எல்லாருக்கும் போக வேண்டிய ஒரு தகவல் சுற்றிக்கொண்டே பெருகும். எல்லா போர்ட் விளக்கும் ஒரே வேகத்தில் படபடக்கும், சில விநாடியில் ஆபீஸ் முழுக்க உறைந்துவிடும். தரை கூட்டும்போது கழன்ற கேபிளை யாரோ ஒருவர் 'காலியாக இருந்த ஓட்டையில்' செருகியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். சாதாரண எட்டு போர்ட் டப்பாக்கள் பலவற்றில் இதைத் தடுக்க எதுவும் இல்லை. மேனேஜ்டு ஸ்விட்ச்சில், இப்படிச் சுற்று விழாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இருக்கிறது. நெட்வொர்க் வழியாக உள்ளே போய், நிலையைக் கேட்டு, அமைப்பை மாற்றக்கூடிய ஸ்விட்ச்சைத்தான் மேனேஜ்டு என்கிறோம். இனி இந்தக் கட்டுரையில் ஸ்விட்ச் என்றால் அதுதான்.

ராக், பஞ்சு, கரண்ட்

ராக்கின் அகலம் 19 அங்குலம். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் ஒரு யூ உயரமே இருக்கும். கேஜ் நட்டும் எம்6 ஸ்க்ரூவும் ஸ்விட்ச் ஒன்றுக்கு நாலு நாலு வேண்டும். இரண்டை மட்டும் முறுக்கிவிட்டுப் போனால் முன்பக்கம் தொங்கிவிடும். ராக் வாங்குவதற்கு முன் ஆழத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டும் சின்ன ராக்கில் 48 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் அனுப்பும்) ஸ்விட்ச் உள்ளே போனாலும் பின்னால் பவர் கேபிள் மடங்க இடம் இருக்காது.

ஆபீஸுக்கென்று செய்த ஸ்விட்ச்சுகள் பலவற்றுக்கு 45 டிகிரி வரைதான் உத்தரவாதம். தகரக் கூரைக்குக் கீழே அடைத்து வைத்த ராக்குக்குள் சித்திரை வெயிலில் அந்த அளவைத் தாண்டுவது சிரமமே இல்லை. நிட்டிங், ஸ்பின்னிங், விசைத்தறி உள்ள இடத்தில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். பக்கவாட்டுத் துளைகளில் ஒரு வெள்ளைப் படலம் படியும், ஃபேன் சத்தம் கூடும், பிறகு ஃபேனே நிற்கும். மிஷின் சுத்தம் செய்யும் கம்ப்ரஸர் காற்றை அப்படியே ஸ்விட்ச்சுக்குள் அடிக்காதீர்கள். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் இருக்கும், அதிவேகமாகச் சுழலும் ஃபேனின் பேரிங்கும் போய்விடும். கரண்ட்டை நிறுத்தி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, சின்ன ப்ளோயரால் ஊதினால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவர்கள் காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடட்டும்.

ராக்குக்குத் தனி யூபிஎஸ் அவசியம். ஈபி போய் ஜெனரேட்டர் எடுக்க ஆகும் சில விநாடிதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சில விநாடிக்குள் ஸ்விட்ச் அணைந்தால் மறுபடி எழுந்து வேலைக்கு வரப் பல நிமிடம் ஆகும், ஸ்டாக் என்றால் இன்னும் கூடும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஸ்விட்ச்சை மாட்டுவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்துகொள்ளுங்கள்.

கேட்6 செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்: சுவருக்குள் நிரந்தரமாகப் போவது 90, இரு முனையிலும் பேட்ச் கார்டு சேர்ந்து 10. 'கேட்6' என்று அச்சடித்து மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் பலவற்றுக்கு உள்ளே செப்புப் பூசிய அலுமினியம்தான் இருக்கும். பிஓஇ கரண்ட் போனால் அது சூடாகும், தூரத்தில் உள்ள கேமராவுக்கு வோல்டேஜ் எட்டாது, முறித்து முறித்து இழுத்தால் உள்ளேயே ஒடிந்துவிடும். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு 60 மீட்டர்தான் என்றாலும் செப்பை இழுக்கக் கூடாது. இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றல்ல; கோடை மழை இடியிலும் ஐப்பசி இடியிலும் அந்த வித்தியாசம் கேபிள் வழியாகத்தான் ஓடும். இரண்டு பக்கத்து ஸ்விட்ச்சும் ஒன்றாகப் போய்விடும். சிங்கிள் மோடு ஃபைபர் ஆறு கோர் இழுத்துவிடுங்கள். இரண்டுதான் இப்போது தேவைப்படும், மீதி நாலு பின்னால் உதவும். ஒரு முனையில் அனுப்பும் கோர் மறுமுனையில் வாங்கும் பக்கம் போக வேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் முதலில் அந்த இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஃபைபரை ஸ்விட்ச்சில் மாட்ட உதவும் சின்ன மாட்யூல்தான் எஸ்எஃப்பி. ஒரே கோரில் இரு திசையும் போகும் எஸ்எஃப்பி என்றால் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி போட்டால் வேலை செய்யாது; ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

பிஓஇ கணக்கு

370 வாட் பிஓஇ கொண்ட 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 14 கேமரா, 4 வைஃபை ஆக்சஸ் பாயின்ட், 6 ஐபி போன். உண்மையில் இழுக்கும் கரண்ட்டைப் பார்த்தால் கேமராவுக்கு 7 வாட் வீதம் 98, ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 15 வீதம் 60, போனுக்கு 5 வீதம் 30. மொத்தம் 188 வாட். பாதிதான் ஆகிறது, கவலையே இல்லை என்று தோன்றும். ஆனாலும் கடைசியாக மாட்டிய கேமரா எழுந்திருக்காது.

ஸ்விட்ச் கணக்குப் போடும் விதம் வேறு. எவ்வளவு வாட் வேண்டும் என்று காட்டும் தன் வகுப்பைச் சொல்லாத கருவிக்கு அது முழு 15.4 வாட்டை ஒதுக்கி வைக்கும். வகுப்பு 4 என்று சொல்லும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 30 வாட். வகுப்பு 2 போனுக்கு 7 வாட். அப்படியானால் 215.6, 120, 42. கூட்டினால் 377.6 வாட், இருப்பதைவிட 7.6 வாட் அதிகம். கேமராவையோ கேபிளையோ மாற்றிப் பயனில்லை. உண்மையான இழுவையை வைத்து ஒதுக்கும்படி ஸ்விட்ச்சில் மாற்ற முடிந்தால் மாற்றலாம், இல்லையென்றால் அந்தக் கேமரா போர்ட்டுகளுக்கு உச்சவரம்பாக 10 வாட் வைக்கலாம். கேமராக்கள் இரவில் இன்ஃப்ராரெட் விளக்கைப் போட்டு அதிகம் இழுக்கும் என்பதால் வரம்பை இரவில் பார்த்து வையுங்கள். யூபிஎஸ் கணக்குக்கு இந்த ஒதுக்கீடு தேவையில்லை. 188-உடன் ஸ்விட்ச்சின் சொந்தச் செலவையும் சேர்த்து 250 வாட் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

தனி ஸ்விட்ச்சை ஆளுதல்

முதல்முறை உள்ளே போக, கம்ப்யூட்டரை ஸ்விட்ச்சோடு நேரடியாகச் சேர்க்கும் கன்சோல் கேபிள் வேண்டும். சிஸ்கோ, ஜூனிப்பர் ஸ்விட்ச்சுகளில் வழக்கமான வேகம் 9600. அருபா சிஎக்ஸில் 115200. திரையில் புரியாத கிறுக்கல் வந்தால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, வேகம்தான் தப்பு. உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் கதவுகளில் மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை மூடி, மறையாக்கம் உள்ள எஸ்எஸ்எச் திறங்கள், நேரத்தை என்டிபியில் (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரியாக வைக்கும் முறை) கட்டுங்கள். பதிவேட்டில் நேரம் சரியாக இல்லை என்றால், கேமரா எப்போது நின்றது என்ற சின்னக் கேள்விக்குக் கூடப் பதில் கிடைக்காது.

பிறகு விலேன். ஒரே ஸ்விட்ச்சை உள்ளுக்குள் பல ஸ்விட்ச்சாகப் பிரிப்பதுதான் அது. எண் 1 முதல் 4094 வரை. ஆபீஸ் 10, கேமரா 20, கைரேகையும் உற்பத்திக் கணக்கும் 30, ஸ்விட்ச்சுகளை ஆள 99 என்று நாலு இருந்தாலே பெரும்பாலான கம்பெனிக்குப் போதும். கருவி மாட்டும் போர்ட் ஆக்சஸ், ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போகும் போர்ட் ட்ரங்க். சிஸ்கோவில் ட்ரங்க்கின் அனுமதிப் பட்டியலில் புதிய விலேன் ஒன்றைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுதும் அழிந்து புதியது மட்டும் நிற்கும். 40-ஐச் சேர்க்கப் போய் 10, 20, 30, 99 எல்லாம் போகும், உங்கள் இணைப்பும் அதோடு போகும். பல்லடத்து யூனிட்டில் உள்ள ஸ்விட்ச்சைக் கோயம்புத்தூரிலிருந்து தொடுவதாக இருந்தால், வேலைக்கு முன் 'ரீலோட் இன் 10' என்று அடித்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே அணைந்து, சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாகப் போனால் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகு சேமிக்க 'ரைட் மெமரி'. ஜூனிப்பரில் இதே வேலைக்கு 'கமிட் கன்ஃபர்ம்டு' இருக்கிறது.

ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு ஸ்விட்ச் வேராக நிற்கும். யாருடைய முன்னுரிமை எண் குறைவோ அதுதான் வேர். எல்லாம் 32768 என்றே வந்தால் குறைந்த மேக் உள்ளது ஜெயிக்கும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே பழைய ஸ்விட்ச்சாக இருக்கும். குடோனில் தூசி தின்னும் அந்தக் கிழட்டு ஸ்விட்ச் வழியாக மொத்த ஆபீஸும் பேசிக்கொண்டிருப்பது அபூர்வமே அல்ல. மெயின் ராக்கில் உள்ளதுக்கு 4096 கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். போடாவிட்டால், பழைய முறை ஸ்பேனிங் ட்ரீயில் கேபிள் மாட்டியபின் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அப்புறம்தான் போர்ட் திறக்கும். அதற்குள் டிஹெச்சிபியிடம் (ஐபி முகவரி கொடுக்கும் சேவை) கேட்டுச் சலித்த கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். அதே போர்ட்டுகளில் பிபிடியூ கார்டும் போட்டால், டேபிளுக்கு அடியில் உள்ள எட்டு போர்ட் டப்பாவில் யாராவது சுற்றுப் போட்டாலும் ஸ்விட்ச் தன் செய்தியே திரும்பி வருவதைப் பார்த்து அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடிவிடும். மற்ற லைன் எல்லாம் ஓடும்.

நாலு ஸ்விட்ச் என்றால் இதை நாலு முறை செய்ய வேண்டும். அந்த எரிச்சலில்தான் ஸ்டாக் பற்றிய பேச்சே தொடங்குகிறது.

ஸ்டாக்

ஸ்டாக் போட்டால் பல ஸ்விட்ச்சுகள் ஒரே ஸ்விட்ச்சாக நடக்கும்: ஒரே ஐபி, ஒரே கன்ஃபிக் (அமைப்புகள் எழுதிய கோப்பு), ஒரே பாஸ்வேர்டு. ஒன்று தலைமை, ஒன்று துணை, மற்றவை உறுப்புகள். போர்ட் பெயரிலேயே உறுப்பின் எண் வந்துவிடும்: 1/0/5 என்றால் முதல் ஸ்விட்ச்சின் ஐந்தாவது போர்ட், 3/0/5 என்றால் மூன்றாவதின் ஐந்தாவது. உண்மையான லாபம் வேறொன்று. சர்வருக்கோ இன்னொரு கட்டடத்துக்கோ போகும் இரண்டு கேபிளை இரண்டு வெவ்வேறு உறுப்பில் மாட்டி எல்ஏசிபியில் ஒன்றாகக் கட்டலாம். ஒரு ஸ்விட்ச் போனாலும் இணைப்பு நிற்காது. வேகம் கூடும் என்பதற்காக ஸ்டாக் போடச் சொன்னால் நம்பாதீர்கள். 32 கேமரா, ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்றாலும் 128 தான். ஒரு கிகாபிட் ட்ரங்க்கில் அது கால்வாசிகூட இல்லை.

எல்லா ஸ்விட்ச்சும் எல்லாவற்றோடும் ஸ்டாக் ஆகாது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300, 9200 இரண்டும் தத்தம் இனத்தோடு எட்டு வரை சேரும், ஒன்றோடொன்று சேராது. 9200-க்கும் பழைய 2960-எக்ஸுக்கும் ஸ்டாக் மாட்யூலைத் தனியாக வாங்க வேண்டும். ஜூனிப்பர் இஎக்ஸ்2300-இல் நாலு வரை, இஎக்ஸ்3400-இல் பத்து வரை. மலிவு ஸ்விட்ச்சுகளில் 'ஒரே ஐபியில் நிர்வாகம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஸ்டாக் ஆகாது. அதில் உள்ளே போகும் கதவு மட்டும்தான் ஒன்று, மூளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இரண்டு பெட்டிக்குக் குறுக்கே எல்ஏசிபி கட்ட முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அது ஸ்டாக் இல்லை.

மாட்டும் வரிசை இதில் முக்கியம், கெடுவதும் இங்கேதான். சிஸ்கோவை வைத்துச் சொல்வோம். முதலில் ஸ்டாக் கேபிள் எதுவும் இல்லாமல் ஒவ்வொன்றையும் தனியாக எழுப்புங்கள். மென்பொருள் பதிப்பும் லைசென்ஸும் எல்லாவற்றிலும் ஒன்றேயா என்று பாருங்கள். பதிப்பு மாறினால் அந்த உறுப்பு ஸ்டாக்கில் தெரியும், ஆனால் 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும், போர்ட் எதுவும் ஓடாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் எண்ணும் முன்னுரிமையும் கொடுங்கள். முன்னுரிமை 1 முதல் 15 வரை, வரும்போது 1. தலைமைக்கு 15, துணைக்கு 14, மற்றதை அப்படியே விடலாம். இங்கே ஜெயிப்பது பெரிய எண், ஸ்பேனிங் ட்ரீயில் ஜெயிப்பது சின்ன எண். இரண்டையும் ஒரே நாளில் அமைக்கும்போது கை குழம்பும். கொடுத்த எண்ணைப் பெட்டியின் முகப்பிலும் ஒட்டிவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்டாக் கேபிள். முதலாவதின் போர்ட் 2-இலிருந்து இரண்டாவதின் போர்ட் 1-க்கு, இரண்டாவதின் 2-இலிருந்து மூன்றாவதின் 1-க்கு, கடைசியின் 2-இலிருந்து முதலாவதின் 1-க்கு. மூன்று ஸ்விட்ச் அடுத்தடுத்த யூவில் என்றால் அரை மீட்டர் கேபிள் இரண்டு, திரும்பி வர ஒரு மீட்டர் ஒன்று. ஸ்க்ரூ இருந்தால் கையால் முழுக்க முறுக்குங்கள். பிறகு தலைமையை மட்டும் எழுப்பி, அது முழுதாக எழுந்தபின் மற்றவற்றை வரிசையாக. 'ஷோ ஸ்விட்ச்' அடித்தால் எல்லாமே 'ரெடி' என்று வர வேண்டும்.

அந்தத் திரும்பி வரும் கேபிளைச் செலவு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாமலும் ஸ்டாக் ஓடும், ஆனால் வேகம் பாதி. வளையம் 'ஹாஃப்' என்று காட்டும். நடுவில் உள்ள ஸ்விட்ச்சின் பவர் போனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஸ்டாக் இரண்டாகப் பிளக்கும். இரண்டும் தலைமை ஏற்கும், இரண்டிலும் அதே ஐபி. ஆபீஸில் பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது, யாருக்கு என்பதும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வளையம் முழுதாக இருந்தால் ஒரு ஸ்விட்ச் போனாலும் மற்றவை இன்னொரு பக்கமாகப் பேசிக்கொள்ளும். ஜூனிப்பர், அருபா, ஹெச்பிஇ போன்றவற்றில் சாதாரண 10 கிகாபிட் போர்ட் வழியாக ஃபைபரிலேயே ஸ்டாக் போடலாம், அதனால் இரண்டு கட்டடத்தைச் சேர்க்கலாமே என்று ஆசை வரும். ரோட்டில் ஜேசிபி ஒரு குழி தோண்டினால் அங்கேயும் இதே பிளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் புதியதைச் சேர்க்கும்போது புதியதை அணைத்து வைத்துத்தான் கேபிள் மாட்ட வேண்டும். உயிரோடு மாட்டினால் இரண்டு தலைமைகள் சந்திக்கும், ஒன்று தோற்கும், தோற்ற பக்கம் முழுதும் ரீஸ்டார்ட் ஆகும். புதியதன் முன்னுரிமை பெரியதாக இருந்தால் தோற்பது உங்கள் ஓடும் ஸ்டாக்காக இருக்கும், வேலை நேரத்தில். அணைத்து மாட்டினால் முன்னுரிமை 15 இருந்தாலும் அடுத்த ரீஸ்டார்ட் வரை ஏற்கெனவே உள்ள தலைமையே தொடரும்.

மென்பொருள் ஏற்றும் நாளில்தான் ஸ்டாக்கின் விலை தெரியும். ஒரே ஷாஃப்டில் ஓடிய பழைய தறிகள் மாதிரி, நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து நிற்கும். தனித்தனி ஸ்விட்ச் என்றால் ஒவ்வொன்றாகச் செய்துவிடலாம். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஸ்பின்னிங் மில்லில் அதற்கு நேரமே கிடைக்காது. மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்-டவுன் நாளையோ ஆயுத பூஜை விடுமுறையையோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷட்-டவுன் நாள் என்றால் ராக்குக்கு ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். மென்பொருள் பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது.

ஓர் உறுப்பு செத்துப் போனால் ஸ்டாக் அந்தச் சிரமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதே மாடல் ஒன்றை எடுத்து, பதிப்பைச் சமமாக்கி, செத்ததின் எண்ணையே கொடுத்து, அணைத்து, கேபிள் மாட்டி எழுப்பினால் போர்ட் அமைப்பு முழுதும் தலைமையிடமிருந்து தானாக வந்துவிடும். தனி ஸ்விட்ச்சில் இதே வேலைக்குக் கன்ஃபிக் நகல் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை ஒரு கம்ப்யூட்டரில் எடுத்து வைக்காதவர்கள் அன்றைக்கு இரவு முழுக்க நினைவிலிருந்து அடிப்பார்கள்.

ஸ்டாக்கிலிருந்து கழற்றிய ஸ்விட்ச்சை வேறு இடத்தில் தனியாகப் போடுவதாக இருந்தால் இன்னொன்று பாக்கி இருக்கிறது. தன் பழைய எண்ணை அது மறக்காது. மூன்றாவதாக இருந்தது தனியாக எழுந்தாலும் தன் போர்ட்டுகளை 3/0/1, 3/0/2 என்றே சொல்லும்; 1/0/1-க்கு எழுதி வைத்த கன்ஃபிக்கை அதில் ஒட்டினால் எதுவும் பிடிக்காது. கன்ஃபிக்கை அழித்தாலும் எண் போகாது, ஏனென்றால் அது கன்ஃபிக்கில் எழுதப்படுவதில்லை. 'ஸ்விட்ச் 3 ரீநம்பர் 1' என்று அடித்து, முன்னுரிமையையும் 1-க்கு இறக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, முகப்பில் ஒட்டிய பழைய எண்ணையும் கிழித்துவிட்டுப் பெட்டியை அனுப்புங்கள்.